மாந்தை மேடும் நாம் நடந்த பாதையும்



மலையில் பிறந்த நம் கண்ணுக்கு மாந்தை மேடு ஒரு மேடாகவே தெரியாது. மன்னார்த் தீவுக்கு எதிரே, திருக்கேதீச்சரம் கோயிலைச் சுற்றிச் சில மீட்டர்தான் உயர்ந்து கிடக்கிறது. அது இயற்கை வைத்த மேடல்ல. ஆயிரம் வருசத்துக்கு மேலாக மனிதர் குடியிருந்து, இடிந்த வீட்டின் மேல் வீடு கட்டி உயர்ந்த மேடு. பழைய பெயர் மாதோட்டம். பெரிய துறைமுகம்.

1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அங்கே தோண்டினார்கள். சீனத்துப் பீங்கான், பாரசீக மட்பாண்டம் எல்லாம் அடுக்கடுக்காகக் கிடைத்தன. யுத்தம் வந்தது, வேலை நின்றது.

அந்த மண் பல கை மாறியது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கோயிலைப் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். அந்தக் கல் மன்னார்க் கோட்டைக்குப் போனது என்று ஊரார் சொல்வார்கள். 1872இல் ஆறுமுக நாவலர் கோயிலைத் திரும்பக் கட்டக் குரல் கொடுத்தார். பிறகு கோயில் எழுந்தது.

தோட்டத்து ஆட்களிடம் இதை ஏன் பேசுகிறேன்? இந்தக் கரையில்தான் நம் முன்னோர் இறங்கினார்கள். கோப்பிக் காலத்தில் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, கங்காணி பின்னால் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படிப் போனவர்களில் ஏராளமானோர் கப்பலேறியதும் தலைமன்னாரில்தான். 2023இல் நம் ஆட்கள் அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, 200 வருசத்தை நாட்டுக்கு நினைவூட்டினார்கள்.

யாரோ உடைத்த பீங்கானுக்கு மண் சாட்சி சொல்கிறது. நமக்குச் சாட்சி, வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் கடதாசிதான். பிறப்புப் பத்திரம், பிரஜாவுரிமைக் கடதாசி, பழைய சம்பளத் துண்டு எதையும் கறையான் தின்ன விடாதீர்கள். தலைமுறையாக இருக்கும் லயக் காம்பராவுக்கு நம்மில் பெரும்பாலானோர் கையில் இன்னும் காணி உறுதி இல்லை. நாளை காணி கேட்டுப் போகும்போது, "எப்போதிருந்து இருக்கிறாய்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் ஒரு கொப்பி போடட்டும். எந்தத் துறையில் இறங்கினோம், எந்தத் தோட்டத்துக்கு வந்தோம், யார் எங்கே புதைந்தார்கள் என்று வயசாளிகளிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.