கல்லும் சொல்லும்: மயிலைக் கபாலீச்சுரம்

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழா இது.

மந்தைவெளியிலிருந்து வடக்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால் மயிலைக் கபாலீச்சுரத்தை அடையலாம். வெளியூரிலிருந்து வருவோர் அதன் கோபுரத்தை அண்ணாந்து நோக்கி, திருஞானசம்பந்தர் பாடிய கோயில் இது எனக் கைகூப்புவர். பத்தியுள்ளம் அவ்வாறு கூறுவது இயல்பே. ஆயினும் வரலாற்றை அறிய விழைவோர் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: சம்பந்தர் கண்ட கோயில் எங்கே?

ஏறத்தாழ 120 அடி உயரமுள்ள இக்கோபுரம் 1906ஆம் ஆண்டில் எழுந்தது. கோயிலின் இன்றைய கட்டடம் சில நூற்றாண்டுகளே பழமையுடையது. சம்பந்தரோ 7ஆம் நூற்றாண்டினர். இடைப்பட்ட காலத்தைப் பற்றி இங்குள்ள சுவர்கள் சொல்வது குறைவு. அவ்விடத்தில் துணைக்கு வருவது இலக்கியமே.

பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையை விளித்துச் சம்பந்தர் பாடிய பதிகம், மயிலையின் விழாக்களை வரிசைப்படுத்துகிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என அவ்வரிசை நீள்கிறது. இவற்றைக் காணாமலே போவது தகுமோ என்பதே அவர் கேட்கும் கேள்வி. பெண் உயிர்பெற்று எழுந்தாள் என்பது சமய நம்பிக்கை, அது போற்றுதற்குரியது. விழாக்களின் வரிசையோ வரலாற்றுச் சான்று. மயிலையின் கடற்கரைச் சோலையையும் புன்னையையும் அப்பதிகம் குறிக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதரும் மயிலையை அலை மோதும் கரையில் வைத்தே பாடினார். இன்றைய கோயிலோ கடலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

பழைய கோயில் கடற்கரையை ஒட்டி இருந்தது என்பதும், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமில் வலுப்பெற்ற காலத்தில் அழிந்தது என்பதும் அறிஞர் பலர் கொண்ட முடிபு. 1920களில் ஹோஸ்டன் பாதிரியார் சாந்தோமில் மேற்கொண்ட ஆய்வில் கல்வெட்டுத் துண்டுகளும் சிற்பங்களும் வெளிப்பட்டன. பாட்டு முன்பே சொல்லியிருந்ததற்குக் கல் பின்னர்ச் சான்று பகர்ந்தது எனலாம். இடம்பெயர்ந்த கோயில் தன் கடற்கரை மரத்தை மட்டும் விடவில்லை. தலமரம் இன்றும் புன்னையே.

கபாலீச்சுரத்திற்கு வாய்த்த பேறு மற்றொரு கோயிலுக்கு வாய்க்கவில்லை. மயிலையில் நேமிநாதர்க்குச் சமணக் கோயில் ஒன்று இருந்தது. இன்று அது இல்லை. ஆயினும் குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு 'நேமிநாதம்' என அத்தெய்வத்தின் பெயரையே சூட்டினார். நன்னூலுக்கு உரை கண்ட சமணர் ஒருவர் மயிலைநாதர் எனப் பெயர் பெற்றார். கோயில் மறைந்தபின்னும் அதன் நினைவை ஒரு நூற்பெயரும் ஓர் உரையாசிரியரின் பெயரும் தாங்கி நிற்கின்றன!

அவையோரே, இவ்வரலாறு பகை வளர்க்கும் கருவியாகிவிடுதல் கூடாது. அழிவை மறைப்பதும் வரலாறாகாது. அதனைச் சொல்லி இன்று வாழ்வோர் மீது பழி சுமத்துவதும் வரலாறாகாது. சாந்தோமின் தோமையார் கல்லறை வழிபாடும் போர்த்துகீசியர்க்கு முற்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதனைக் குறித்துள்ளார். இன்றைய தேவாலயம் 1896இல் நிறைவுற்றது. கபாலீச்சுரத்துக் குளத்திற்கு நிலம் தந்தவர் ஆர்க்காட்டு நவாபு என்பது இவ்வூரார் வழிவழியாகக் கூறும் செய்தி. ஒரே ஊரின் மண்ணில் சைவம், சமணம், கிறித்தவம், இஸ்லாம் என்னும் நான்கு சமயங்களின் சுவடும் உள்ளது. ஒன்றைக் கண்டு மற்றவற்றைக் காணாதவர் மயிலையைக் கண்டவராகார்.

கவிஞர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. சம்பந்தர் 'விழாக்கள் பல' என்று பொதுவாகப் பாடிச் சென்றிருந்தால் பதிகம் பத்திப் பாட்டாக மட்டுமே நின்றிருக்கும். திங்களையும் நாளையும் மரத்தையும் கரையையும் பெயர் சுட்டிப் பாடியதால் அது ஊரின் ஆவணமும் ஆயிற்று. மந்தைவெளியில் இன்று மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. இங்கு மாடு மேய்ந்த காலத்தை அச்சொல்தான் காத்து வருகிறது. இன்று எழுதும் கவிஞரும் தம் தெருவை, அதன் மரத்தை, அங்கு வாழும் மக்களின் தொழிலைப் பெயர் சுட்டி எழுதுவாராக. இடிபடும் கட்டடங்களையெல்லாம் காக்கும் ஆற்றல் கவிஞர்க்கு இல்லை. அவை இருந்தன என்று சான்று சொல்லும் ஆற்றல் உண்டு. இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பாடல்கள் அச்சான்றாக அமைக என வாழ்த்துவோம்.