புதர்க்காட்டில் பன்றி வேட்டை: எந்தத் துப்பாக்கி ஏற்றது?

(தோட்ட மக்கள் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற முறை நான் இங்கு வந்திருந்தபோது, கூட்டம் கலைந்த பின் இளைஞர் ஒருவர் என்னை அணுகி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, மறுநடவுக் காட்டில் பன்றித் தொல்லை பொறுக்க முடியவில்லை. பெலுக்காருக்குள் பதுங்கும் பன்றியைச் சுட எந்தத் துப்பாக்கி நல்லது?" என்பது அவர் கேள்வி. ஒரே சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. அந்த விடையையே இன்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

பன்றியால் விளையும் இழப்பை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நட்டு ஓராண்டுகூட ஆகாத ரப்பர்க் கன்றை ஓரிரவில் வேரோடு கிளறிப் போடும். லயத்துக்குப் பின்னால் நீங்கள் பாடுபட்டு வளர்த்த மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் உழுது தீர்க்கும். நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ காட்டில் ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டு கணக்கெடுத்தபோது, சதுரக் கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் இருக்கக் கண்டனர். காட்டைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் பழம் கிடைப்பதும், பன்றியைத் தின்னும் புலி அங்கு அருகிப் போனதும் இப்பெருக்கத்திற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. எனவே பன்றியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. எக்கருவியால், எவ்வாறு என்பதே வினா.

இருவகைத் துப்பாக்கிகள்

வேட்டைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று ரைபிள். அதன் குழாயின் உட்புறத்தில் திருகுபோல் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்வதால், அது நெடுந்தொலைவு குறி தவறாமல் செல்லும். மற்றொன்று சிதறுகுண்டுத் துப்பாக்கி. இதன் குழாய் பொதுவாக உள்ளே வழவழப்பாக இருக்கும். ஒரு தோட்டாவிலிருந்து பல ரவைகள் ஒன்றாகப் புறப்பட்டு, போகப் போக விரியும். மலாய் மொழியில் 'செனாப்பாங் பாத்தா' என்று வழங்கும் ஒடிப்புத் துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்ததே.

'பன்னிரண்டு போர்' என்று சொல்கிறோம் அல்லவா? துப்பாக்கிக் குழாயின் உள்ளளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை இருக்கும். அதனால் வந்த பெயர் அது. உருண்டைகள் இருபது தேவைப்பட்டால், குழாய் அதைவிடச் சிறியது. அது 'இருபது போர்'.

புதரைத் துளைக்கும் குண்டு உண்டா?

வேட்டைக்காரர் பலரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பருத்த, கனத்த குண்டாக இருந்தால் புதரை அறுத்துக்கொண்டு நேரே பன்றியிடம் போய்ச் சேரும் என்பர். வரிசையாகக் குச்சிகளை நட்டு, அவற்றின் ஊடே சுட்டுப் பலர் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். சிறு குச்சியில் பட்டாலும் குண்டு திசை மாறக்கூடும் என்பதே அவர்கள் கண்டது. கனத்த குண்டு சற்றுக் குறைவாக விலகலாம். ஆனால் விலகாது என்று உறுதி கூற இயலாது. குச்சி பன்றியை ஒட்டி இருந்தால் பெருங்குறை இல்லை. சுடுபவருக்கு அருகில் இருந்தாலோ, குண்டு பன்றியை அடைவதற்குள் வெகுவாக விலகிவிடும். ஆகவே புதரைத் துளைக்கும் துப்பாக்கியைத் தேடுவது வீண். இடைவெளி தெரியும்வரை காத்திருப்பதே வேட்டைக்காரரின் திறமை.

பன்றிக்கு அப்பால் யார்?

அன்பர்களே, துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது பன்றி விழுமா என்று மட்டும் கேட்பது போதாது. பன்றியைத் தவறிய குண்டு எதுவரை போகும் என்றும் கேட்க வேண்டும். பெரிய ரைபிள்களுள் ஒன்றான முப்பது-நாட்-ஆறின் குண்டு 4 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று விழ வல்லது. விளையாட்டுப் பொருள்போல் தோன்றும் சின்னஞ்சிறு பாயிண்ட் இருபத்திரண்டு ரைபிளின் குண்டும் ஒன்றரைக் கிலோமீட்டர் போகக்கூடும். ஆனால் அதன் எடை 3 கிராமுக்கும் குறைவாதலால் பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தியே விடும். பன்றிக்குரிய பெரிய ரவைகள் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டரில் ஓய்ந்துவிடும்.

நான் ஆசிரியராகப் பணியாற்றிய நாளில் நிகழ்ந்தது ஒன்றைச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து ரைபிளுடன் வந்த வேட்டைக்காரர் ஒருவர், விடியற்காலையில் தோட்டத்து ஓரத்தில் பன்றியைக் கண்டு சுட்டார். பன்றி ஓடிவிட்டது. குண்டோ லாலான் புல்லைக் கடந்து, ரப்பர் நிரைகளின் இடைவெளி வழியே அடுத்த வெட்டுக்காட்டுக்குள் புகுந்தது. அங்கே பால் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் வாளியை அது துளைத்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் அப்போதுதான் அடுத்த மரத்துக்கு நகர்ந்திருந்தார். அன்று மாலை அந்த வாளியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். ஒரு புறம் சிறு துளை. மறுபுறம் பிய்ந்த தகரம். "சிந்தியது பால்தானே, வாத்தியாரே" என்று சொல்லிச் சிரிக்க முயன்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பன்றி வெளிவரும் வேளையும் பால்மரம் வெட்டுவோர் தலைவிளக்குடன் புறப்படும் வேளையும் ஒன்றே. மரத்தடியில் குனிந்து வெட்டுபவரும், கீரை பறிப்பவரும், விறகு பொறுக்குபவரும் அரையிருளில் ஓர் அசைவாக மட்டுமே தெரிவர். பன்றி என்று எண்ணி உடன்வந்த நண்பரையே சுட்டுக் கொன்ற செய்திகளை நம் நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம்.

ஏற்ற தேர்வு

எனவே என் விடை இதுதான். தோட்டத்தை ஒட்டிய புதர்க்காட்டிற்கு, பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் ஒடிப்புத் துப்பாக்கியே ஏற்றது. புதரில் பன்றி பத்து இருபது மீட்டரில்தான் கண்ணில் படும். அங்கு ரைபிளின் தொலைவாற்றலால் பயனில்லை. பின்னால் உயர்ந்த மேடுள்ள திறந்த வெளியில் ரைபிள் சிறந்த கருவியே, பெலுக்காரில் அன்று.

பறவைக்குரிய சிறு ரவைகள் வேண்டா. கிழட்டு ஆண் பன்றியின் தோள்பட்டையில் கேடயம்போல் தடித்த தோல் உண்டு. அதில் அவை பயன் தரா. பிரிட்டிஷ் அளவு முறைப்படி, எஸ்.ஜி. ரவை ஓர் அவுன்சுக்கு எட்டு, எல்.ஜி. ரவை ஆறு. இவ்விரண்டும் பன்றிக்கு ஏற்றவை. எனினும் மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்ற அளவில் ரவைகள் விரியக்கூடும். முப்பது மீட்டரில் அவை பன்றியின் உடலுக்கு வெளியேயும் சிதறும். ஆகவே இருபத்தைந்து மீட்டருக்குள் சுடுவதே முறை. ஒற்றைக் குண்டுத் தோட்டா ஆற்றல் மிக்கது. ஆனால் ஒரு கிலோமீட்டர் போகக்கூடுமாதலால், பின்னால் மண்மேடு இருந்தாலன்றி அதை இடலாகாது.

ஒடிப்புத் துப்பாக்கிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதை ஒடித்துக் கையில் தொங்கவிட்டு வந்தால், உள்ளே தோட்டா இல்லை என்பதை எதிரே வருபவர் கண்ணாலேயே அறியலாம். தானியங்கித் துப்பாக்கியில் அவ்வளவு எளிதாக அறிய இயலாது.

பழைய துப்பாக்கி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. தோட்டா அறையின் நீளம் குழாயில் பொறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். 65 மில்லிமீட்டர் அறையில் 70 மில்லிமீட்டர் தோட்டாவை இடுவது ஆபத்து. இருபது போர் தோட்டாவைப் பன்னிரண்டு போர் தோட்டாக்களுடன் ஒரே பையில் போடாதீர்கள். அது குழாயினுள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். தெரியாமல் மேலும் ஒன்றை இட்டுச் சுட்டால் குழாய் வெடிக்கும். கானைத் தாண்டும்போது தோட்டாவை எடுத்துவிடுங்கள். குழாய் முனையில் சேறு அடைத்தாலும் இதே விபத்து நேரும்.

சட்டம் கூறுவது

துப்பாக்கி வைத்திருக்க 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். பன்றியைச் சுட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தீபகற்பத்தில் நடைமுறையில் உள்ளது. அதற்குரிய அனுமதியையும் நிபந்தனைகளையும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மச்சானுடைய துப்பாக்கியை ஓரிரவுக்கு இரவல் வாங்குவதும், இரும்புக் குழாயில் நாமே துப்பாக்கி செய்துகொள்வதும் கடுங்குற்றங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 14 ஆண்டுவரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. கம்பிச் சுருக்கும் விசைத் துப்பாக்கிப் பொறியும் வைக்கவே கூடாது. அவற்றுக்குப் பன்றி என்றும் பிள்ளை என்றும் வேறுபாடு தெரியாது.

உரிமம் இல்லாதவர் என்ன செய்வது? சேதத்தைக் குறித்து வைத்துத் தோட்ட நிர்வாகத்திடமும் வனவிலங்குத் துறையிடமும் முறையிடுங்கள். வேட்டை நாளும் இடமும் முதல் நாளே பிரட்டுக்களத்தில் அறிவிக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி கேட்ட தம்பி இன்றும் இக்கூட்டத்தில் இருக்கிறார். அவருக்கு நான் சொல்வது இது: நல்ல துப்பாக்கி என்பது பன்றியோடு நின்றுவிடும் துப்பாக்கி. அதைத் தூக்கியவர், தன் முன் அசைவது பன்றிதான் என்றும், அதன் பின்னால் ஆளில்லை என்றும் கண்ணாரக் கண்ட பிறகே விசையில் விரலை வைக்க வேண்டும். ஐயம் தோன்றினால் பன்றி போகட்டும். நாளையும் அது வரும். போன உயிர் வராது.