போர்ட்ஸ்மவுத் தீவின் இடுகாடுகள்



அமெரிக்காவின் வட கரோலினாக் கடலோரத்தில், 1753ஆம் ஆண்டில் சட்டசபையின் ஆணையால் ஸ்தாபிக்கப்பட்ட போர்ட்ஸ்மவுத் கிராமத்தில், இன்று சில வீடுகளும் ஒரு தேவாலயமும் நிற்கின்றன. குடியிருப்போர் ஒருவரும் இல்லை.

ஓக்ரகோக் முகத்துவாரத்தில் ஆழம் போதாமையால், பெருங்கப்பல்களின் சரக்கை இங்கே இறக்கி, சிறு படகுகளில் ஏற்றி உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு அனுப்பும் தொழிலே இவ்வூரை வளர்த்தது. 1860இல் அடிமைகள் உட்பட 685 பேர் இங்கு வசித்தனர். ஆயினும், 1846ஆம் வருஷத்துப் பெரும்புயல் வடக்கே ஹட்டராஸில் திறந்துவிட்ட ஆழமான முகத்துவாரத்தை நாடிக் கப்பல்கள் சிறிது சிறிதாகத் திரும்பிவிட, உள்நாட்டுப் போரும் மூண்டபோது ஊரை விட்டோடிய ஜனங்களில் பலர் மீளவேயில்லை.

கடைசிவரை அங்கேயே வாழ்ந்தவர்களில் ஒருவர், அடிமைகளின் வம்சத்தில் வந்த ஹென்றி பிகட். தோணியைக் கழியால் உந்திச் சென்று, தபால் படகை எதிர்கொண்டு, ஊராரின் கடிதங்களை வாங்கிவந்த அப்பெரியவர் 1971இல் காலமாகி அத்தீவிலேயே அடக்கமானார். எஞ்சியிருந்த மாதர் இருவரும் அவ்வாண்டிலேயே தீவை விட்டு நீங்கினர்.

குடும்பம் குடும்பமாக அமைந்த சிறு இடுகாடுகள் அங்கே இன்றும் உள்ளன. சந்ததியார் இரண்டாண்டுக்கு ஒருமுறை படகேறி வந்து, பழைய தேவாலயத்தில் கூடித் துதி பாடுகின்றனர். வாணிபம் உண்டாக்கிய ஊரை வாணிபமே கைவிடலாம். முன்னோரின் ஸ்மரணையைக் கைவிடாதிருத்தல் மனிதரின் தர்மம்.