வீட்டு முற்றத்தில் மரக்கிளி



பூச்செடிகளுக்கிடையே நாமே செதுக்கிய மரக்கிளி ஒன்றை வைத்தால் அழகுதான். ஆனால், எந்த மரத்தில் செதுக்குவது? முதலில் நான் பால்மரக் கட்டையில் செதுக்கி, மண்ணில் நட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சணம் பிடித்தது, கரையானும் அரித்தது. பால்மரக் கட்டையில் மாவுச்சத்து மிகுதி. ஆகவேதான் ஆலைகளில் அதற்கு மருந்தேற்றிய பிறகே நாற்காலி செய்கிறார்கள்.

வெளியில் வைக்கப் பலாமரத்தின் மஞ்சள் வைரம் ஏற்றது. மிருதங்கம் செய்வதும் பலாவில்தானே! வெளிறிய ஓரக்கட்டையைச் சீவி நீக்குங்கள். மண்படாமல் கல்லின்மேல் நிறுத்துங்கள். ஆண்டுக்கொருமுறை ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள்.

லயத்தைவிட்டுப் போகும் நாளில் பலாமரத்தைப் பெயர்த்துச் செல்ல முடியாது. அதில் உங்கள் பிள்ளை செதுக்கிய கிளி உங்களோடு வரும்.