கொழுந்தோடு போகும் மண்சத்து
(மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம மலைக்கு மேலே நிற்கிற காட்டைப் பாருங்க. அதுக்கு யாரும் உரம் போடுறதில்லை. ஆனாலும் பச்சைப்பசேல் என்று நிற்குது. காரணம், உதிர்ந்த இலை அங்கேயே கிடக்குது. மண்புழுவும் பூஞ்சணமும் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாவும் அதை மக்கவைக்குது. அதிலுள்ள நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் திரும்பவும் வேருக்குப் போகுது. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் நைதரசன் வட்டம் என்று படம் போட்டிருப்பது இந்த வரவு செலவைத்தான்.

தேயிலை மலையில் இந்த வட்டம் அறுந்து போகுது. நாம் பறிக்கிற கொழுந்து கப்பலேறி வெளிநாடு போகுது, திரும்பி வர்றதில்லை. 20 கிலோ பச்சைக் கொழுந்தில் ஏறக்குறைய நாலரைக் கிலோ தேயிலைத்தூள் வரும். அந்தத் தூளில் நூற்றுக்கு 4 பங்களவு நைதரசன். கணக்குப் பார்த்தால், ஒரு நாள் பறிக்கிற 20 கிலோவோடு முக்கால் இறாத்தலுக்கும் கூடுதலான யூரியாவின் சத்து மலையை விட்டுப் போகுது. ஒரு கைக்கே இவ்வளவு என்றால், பெரட்டுக்கு வர்ற அத்தனை பேருக்கும் எவ்வளவு என்று நீங்களே யோசியுங்க.

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையை எடுத்தாலும் உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2021ல் நாட்டில் ஏறக்குறைய 30 கோடி கிலோ தேயிலை கிடைத்தது. 2022ல் 25 கோடியாக விழுந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் ஒரு காரணந்தான். ஆனால் உரமில்லாததே பெரிய அடி. கொழுந்து குறைந்தால் யார் வீட்டு உலை முதலில் அடங்கும் என்று சொல்லத் தேவையில்லை. இயற்கை உரம் நல்லதுதான், ஆனால் அத்தனை மலைக்கும் போதுமானதை ஒரே பருவத்தில் எங்கே தேடுறது?

இனி நம்ம கைக்கு எட்டுகிற காரியத்துக்கு வருவோம். கவ்வாத்து வெட்டினதும் மிலாறை விறகுக்குக் கட்டிக்கொண்டு வர்றோம். விறகு இல்லாமல் அடுப்பு எரியாது. அதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. தடித்த கொம்பை எடுங்க. இலையையும் குச்சியையும் மரத்தடியிலேயே உதறிவிட்டு வாங்க, சத்து அதிலேதான் கூடுதலாக இருக்குது. அடுப்பில் வைத்தால் நைதரசன் புகையோடு போயிடும். சாம்பலில் பொட்டாசியம் மிஞ்சும், அதை லயத்துப் பின்பக்கத்து மரக்கறிப் பாத்திக்குத் தூவலாம். தேயிலைக்குப் போடாதீங்க, அது புளிப்பு மண்ணை விரும்புகிற செடி. விறகுக்கென்று தனியாக மரம் நட இடம் தரச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கிறதும் நியாயந்தான்.

முள்முருங்கை, கிளிசரியா இரண்டையும் சும்மா நிற்கிற மரம் என்று நினைக்க வேண்டாம். அவற்றின் வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அதில் குடியிருக்கிற பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்குது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு அதுதான், ஆனால் தேயிலையால் அதை நேராக எடுக்க முடியாது. கிளையை வெட்டி மண்ணில் போட்டால் காசில்லாத உரம். சுரண்டி போட்டு மண்ணைச் சுரண்டுகிறவர்களோ மேல்மண்ணை மழைக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது தண்ணீர். பெருமழைக்கு முன்னால் போட்ட உரம் கான் வழியாக ஓடையில் இறங்கும். கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1990களின் தொடக்கத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது, மேலேயிருந்து வந்து சேர்ந்த இப்படியான சத்துக்களால்தான். நம்ம பீலித் தண்ணீரும் மலைக்குக் கீழேதான் ஊறுது. காய்ச்சினால் கிருமி சாகும். உரத்திலிருந்து வந்த நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை நீலம் பாய்ந்து போகலாம். அந்த வயதில் தாய்ப்பால் மட்டுமே போதும். உரப்பையைப் பீலியில் அலசவே கூடாது.

ஊற்றுக்கு நேர் மேலே உள்ள நிரைகளில் உரம் போட வேண்டாம், அங்கே புல் வளரவிடுங்க என்று நிர்வாகத்திடம் கேட்கலாம். கேட்கப் போகும்போது நாமும் உங்களோடு வருவோம். அடுத்த உரம் மலையேறுவதற்கு முன்னாலேயே போக வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றைக்கே சங்கத் தலைவியிடம் பெயர் கொடுங்க.