சௌரங்கியின் தேய்வு: ஒரு நகர அங்காடி மையம் கற்பிக்கும் பாடம்

(நகர்ப்புற வளர்ச்சி குறித்த கருத்தரங்கு ஒன்றில் மாணவர்கள், அலுவலர்கள் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)

நகரங்களின் வளர்ச்சி பற்றிப் பேசும்போது தொழிற்சாலை, துறைமுகம், குடியிருப்பு, போக்குவரத்து ஆகியவையே பெரிதும் பேசப்படுகின்றன. நகரின் நடுவே மக்கள் பொருள் வாங்கவும் பொழுது போக்கவும் கூடுகின்ற கடைவீதி, திட்ட ஆவணங்களில் தனியிடம் பெறுவது அரிது. அது தானே தோன்றித் தானே தழைக்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் அக்கடைவீதி தேயத் தொடங்கினால், அதனை நம்பி வாழும் சிறு வியாபாரிகளின் பிழைப்பும், கடைச் சிப்பந்திகளின் வேலையும், மாநகராட்சியின் வருவாயும் உடன் தேய்கின்றன. அத்தேய்வு எவ்வாறு நிகழ்கிறது, அதில் அரசின் சட்டங்களுக்கும் திட்டங்களுக்கும் உள்ள பங்கு யாது என்பதை ஆராய, கல்கத்தாவின் சௌரங்கி – எஸ்பிளனேட் பகுதி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

வளர்ந்த வரலாறு

மைதானத்தின் கிழக்கு ஓரமாகச் செல்லும் சௌரங்கி வீதியும், அதன் வடமுனையான எஸ்பிளனேடும், அங்கிருந்து கிழக்கே பிரியும் தர்மதலா வீதியும், இவற்றின் பின்புறம் அமைந்த நியூ மார்க்கெட்டும் சேர்ந்ததே இப்பகுதி. நியூ மார்க்கெட் 1874 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. இதனை அமைத்தது நகராட்சி அமைப்பே என்பது கருதத்தக்கது. இம்மையத்தின் தொடக்கத்திலேயே பொதுப்பணம் முதலீடாக இடப்பட்டுள்ளது. 1902இல் எஸ்பிளனேடிலிருந்து கிதர்ப்பூருக்கு மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. ஒயிட்அவே லெய்ட்லா, ஹால் அண்டு ஆண்டர்சன், ஆர்மி அண்டு நேவி ஸ்டோர்ஸ் போன்ற பெரும் பல்பொருள் அங்காடிகள் இங்கு எழுந்தன.

பொழுதுபோக்கும் வாணிகத்தை ஒட்டியே வளர்ந்தது. ஜே.எப். மதன் 1907இல் நிறுவிய எல்பின்ஸ்டன் படமாளிகை, இந்தியாவின் முதல் நிலையான திரையரங்குகளுள் ஒன்று. 1935இல் அமெரிக்கப் படநிறுவனமான மெட்ரோ கோல்ட்வின் மேயர், மெட்ரோ திரையரங்கைக் கட்டிற்று. டச்சுக் கட்டடக் கலைஞர் டுடோக் வடிவமைத்த லைட்ஹவுஸ், அதனருகே நியூ எம்பயர், எலைட், குளோப் எனச் சில நூறு அடிகளுக்குள்ளேயே பல அரங்குகள் அமைந்தன.

இவ்வாறு கடைகளும் அரங்குகளும் ஓரிடத்தில் செறிந்ததன் பொருளியல் பயனை முதலில் உணர வேண்டும். துணி எடுக்க வந்த குடும்பம் பகற்காட்சி பார்த்தது. படம் பார்க்க வந்தவர் சிற்றுண்டி உண்டு, வழியில் காலணி வாங்கினார். ஒரு நிறுவனம் ஈர்த்த கூட்டம் அடுத்த நிறுவனத்திற்கும் வாடிக்கையாயிற்று. இந்த நன்மைக்கு எவரும் விலை கொடுக்கவில்லை. எவருடைய கணக்கிலும் அது ஏறவில்லை. ஆகவே ஓர் அரங்கு மூடப்படும்போது, அதன் உரிமையாளர் தமது இழப்பை மட்டுமே கணக்கிடுகிறார். எதிரிலுள்ள தேநீர்க் கடையின் இழப்பு அவரது முடிவில் இடம்பெறுவதில்லை. தனியார் ஒவ்வொருவரும் அறிவுக்குப் பொருந்திய முடிவையே எடுத்தும், அவற்றின் கூட்டு விளைவு பொது நட்டமாக முடிவது இதனாலேயே.

இருவகைத் தேய்வு

சௌரங்கியின் தேய்வைப் பற்றிப் பேசுவோர் இருவேறு நிகழ்ச்சிகளை ஒன்றாகக் குழப்புவதுண்டு. 1911இல் தலைநகரம் தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. 1947இல் ஆங்கில ஆட்சி முடிவுற்றது. ஐரோப்பிய வாடிக்கையாளரை நம்பிய பெரும் அங்காடிகள் அதன் பின் மறைந்தன. ஒயிட்அவே லெய்ட்லாவின் கட்டடம் மெட்ரோபாலிடன் கட்டடம் எனப் பெயர் மாறி, பிற்காலத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உடைமையாயிற்று. இதனை வீழ்ச்சி என வருந்துவதற்கில்லை. ஒரு சிலருக்காக இருந்த வீதி, நகர மக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று. 1950களிலும் 1960களிலும் நடுத்தரக் குடும்பங்கள் துர்கா பூஜைக்குப் புத்தாடை எடுக்கவும் படம் பார்க்கவும் இங்கு திரண்டன.

ஆராயத்தக்கது அதன் பின் நேர்ந்த இரண்டாவது தேய்வே. 1956 முதல் நடைமுறைக்கு வந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, இரும்பு எஃகுத் தொழிலில் கிழக்கு மாநிலங்களுக்கு இயற்கையாக அமைந்திருந்த அனுகூலத்தைப் போக்கிற்று. 1960களின் பிற்பகுதியிலிருந்து தொழில் தேக்கம், அரசியல் கொந்தளிப்பு, மின்வெட்டு ஆகியவை நகரை வாட்டின. வருமானம் வளராத நகரில் கடைவீதி மட்டும் வளராது. எனினும் தொழில் தேக்கம் நகரம் முழுவதற்கும் பொதுவானது. நகரின் நடுப்பகுதி மட்டும் ஏனைய பகுதிகளைவிட மிகுதியாக நலிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு.

உறைந்த வாடகை

அவற்றுள் முதலாவது வாடகைக் கட்டுப்பாடு. 1956ஆம் ஆண்டின் மேற்கு வங்கக் குடியிருப்பு வாடகைச் சட்டம், வெளியேற்றத்திற்கு அஞ்சிய குடியிருப்போருக்கு அரணாக விளங்கியது. நாட்டுப் பிரிவினையால் அகதிகள் பெருகிய நகரில் அதன் தேவையை மறுக்க இயலாது. ஆனால் அதே பாதுகாப்பு கடைகளுக்கும் கிடைத்தது. விலைவாசி பன்மடங்கு உயர்ந்த பின்னரும் பழைய வாடகையே நீடித்த கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு ஊக்கமில்லை. வெளியேறினால் அத்தகைய வாடகையில் வேறிடம் கிடைக்காது என்பதால் வாடகைதாரர் தொழில் நலிந்தும் இடத்தை விடுவதில்லை. தமக்கு உரிமையில்லாத சுவரில் பணம் முடக்கவும் முன்வருவதில்லை. இடம் கைமாறும்போது 'சலாமி' எனப்படும் தொகை கணக்கில் வராமல் பரிமாறப்பட்டது. கட்டடத்தின் உண்மையான மதிப்பு, வாடகையாக உரிமையாளருக்கோ, வரியாக மாநகராட்சிக்கோ சேரவில்லை.

இதன் விளைவு கண்ணுக்குத் தெரியும் வடிவிலேயே வெளிப்படுகிறது. பெயர்ந்த காரை, பழைய மின்கம்பி, ஒரே கடையை நான்காகத் தடுத்த மரப்பலகை ஆகியவை பழைய வாடகைக் கட்டடங்களின் பொது அடையாளங்கள். இவை தீவிபத்துக்கும் வழிவகுப்பவை. வாடகைப் பிரச்சினையில் நகராட்சிக் கட்டடமும் தனியார் கட்டடமும் ஒன்றல்ல. ஆனால் பராமரிப்புக் குறைவின் விளைவு இரண்டிற்கும் ஒன்றே. நியூ மார்க்கெட்டின் ஒரு பகுதி 1985 டிசம்பரில் தீக்கிரையாயிற்று. 1997இல் இயற்றப்பட்டு 2001இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், உயர்ந்த வாடகை இனங்களுக்கு விலக்களித்து நிலைமையை ஓரளவு தளர்த்தியது. அரை நூற்றாண்டுச் சிதைவை ஒரு சட்டத்திருத்தம் உடனே சீர்செய்துவிடாது.

அரங்குகளின் இருள்

திரையரங்குகளின் நிலை இதனினும் தெளிவானது. 1975 ஆகஸ்டில் கல்கத்தாவில் தொலைக்காட்சி தொடங்கியது. 1982க்குப் பின் வண்ண ஒளிபரப்பும் வீடியோவும் வந்தன. ஆயிரம் இருக்கைகள் கொண்ட பேரரங்கு, இருக்கை நிரம்பினும் நிரம்பாவிடினும் ஒரே அளவு மின்சாரமும் ஊழியமும் கேட்பது. கேளிக்கை வரியோ இலாபத்தின்மீது அன்றி நுழைவுச் சீட்டின்மீது விதிக்கப்பட்டது. ஆகவே நட்டத்தில் நடந்த அரங்கும் வரி செலுத்திற்று. செல்வர்களின் ஆடம்பரமாகச் சினிமாவைக் கருதிய காலத்து வரி, அது எளிய மக்களின் ஒரே கேளிக்கையான பின்னரும் தொடர்ந்தது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரியில் கேளிக்கை வரி இணைக்கப்பட்டபோது, இப்பகுதியில் பல அரங்குகள் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டன.

அரங்கு நின்ற மனையின் விலை, அரங்கின் வருவாயைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. லைட்ஹவுஸ் துணிக்கடைகளாயிற்று. எல்பின்ஸ்டன், மினர்வாவாகிப் பின் சாப்ளினாகி, இறுதியில் இடிக்கப்பட்டது. எலைட் 2018இல் மூடப்பட்டது. மெட்ரோ, முகப்பைக் காத்துக்கொண்டு, உள்ளே கடைகளும் சிறிய அரங்குகளுமாக மாற்றியமைக்கப்பட்டது. இவ்வகையில் மெட்ரோ ஒரு நடுவழியைக் காட்டுகிறது. அரங்குகள் அணைந்தபோது வீதியின் மாலைப் பொழுதும் சுருங்கியது. இரவுக் காட்சி முடிந்து வருவோரை நம்பிய சிற்றுண்டிச் சாலைக்கு அதற்குமேல் விளக்கெரிக்கக் காரணமில்லை.

தோண்டப்பட்ட வீதி

மூன்றாவது காரணம் ஒரு நல்ல திட்டம். 1972 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட கல்கத்தா சுரங்க ரயில், நாட்டிலேயே முதலாவது. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. முழுத்தடமும் நிறைவுற 1995 ஆயிற்று. வீதியை மேலிருந்து தோண்டி மூடும் முறையில் பணி நடந்ததால், சௌரங்கியும் சித்தரஞ்சன் அவென்யூவும் பல்லாண்டுகள் பள்ளமும் வேலியுமாகக் கிடந்தன. வாடிக்கையாளரின் பழக்கம் ஒருமுறை கலைந்தால், வீதி செப்பனிடப்பட்ட மறுநாளே திரும்பிவிடாது.

திட்ட மதிப்பீட்டில் உருக்கும் சிமெண்டும் கணக்கிடப்படுகின்றன. கடைக்காரரின் பத்தாண்டு விற்பனை இழப்பு கணக்கிடப்படுவதில்லை. 2019 ஆகஸ்டு இறுதியில் கிழக்கு–மேற்குத் தடத்திற்காகச் சுரங்கம் குடையும்போது பௌபஜாரில் நிலம் தாழ்ந்து வீடுகள் சிதைந்தன. பாதிக்கப்பட்டோருக்கு உதவித்தொகை அளிக்கப்பட்டது. இடிந்த வீடு கண்ணுக்குத் தெரிகிறது. மெல்லக் குறைந்த விற்பனை தெரிவதில்லை. ஆகவே அதற்கு இழப்பீடும் இல்லை. அத்தடம் 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றின் கீழாக ஹௌராவையும் எஸ்பிளனேடையும் இணைத்தது. இம்மையத்திற்கு வருவதற்குரிய வசதி முன்னெப்போதும் இல்லாத அளவு பெருகியுள்ளது.

நடைபாதையும் கடையும்

இங்கு கூட்டம் குறையவில்லை என்பதற்கு நடைபாதை வியாபாரிகளே சான்று. வாங்குவோர் இல்லாத இடத்தில் அவர்கள் கடை விரிப்பதில்லை. கிராண்ட் ஓட்டலின் வளைவுத் தாழ்வாரம் முதல் நியூ மார்க்கெட் வாயில் வரை அவர்கள் நிறைந்துள்ளனர். மூடிய ஆலைகளாலும் நலிந்த கிராமங்களாலும் தள்ளப்பட்டோருக்கு நடைபாதையே வேலைவாய்ப்பு அலுவலகமாயிற்று. வாடகையும் வரியும் செலுத்தும் கடைக்காரர், தம் வாயிலை மறைத்து அதே பொருளைக் குறைந்த விலைக்கு விற்பவரைக் கண்டு மனம் கசப்பதும் இயல்பே. இருவர் பக்கமும் நியாயம் உண்டு.

1996 நவம்பரில் 'சூரிய ஒளி நடவடிக்கை' என்ற பெயரில் கல்கத்தாவின் பல வீதிகளிலிருந்து நடைபாதைக் கடைகள் ஒரே இரவில் அகற்றப்பட்டன. சில காலத்திற்குள் அவை திரும்பின. வாழ்வாதாரத்திற்கு மாற்று வழி காட்டாத அகற்றம் நிலைக்காது என்பதே அதன் பாடம். நடைபாதை வாணிகம், ஒழுங்குமுறைக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 1989இல் சோடன் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. 2014ஆம் ஆண்டின் நடைபாதை வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடங்களை வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு ஒதுக்குகிறது. கணக்கெடுப்பு, விற்பனை மண்டலம், சான்றிதழ் ஆகியவற்றிற்கும் அது வழிசெய்கிறது. தேவையானது இன்னொரு சட்டமன்று. உள்ள சட்டத்தின் முறையான செயலாக்கமே.

இடம்பெயர்ந்த வாங்கும் சக்தி

இதற்கிடையே நகரம் வெளிநோக்கி விரிந்தது. 1960களில் தொடங்கிய உப்பு ஏரி நகரம் வசதி படைத்த குடும்பங்களையும், பிற்காலத்தில் கணினி நிறுவனங்களையும் ஈர்த்தது. எல்ஜின் வீதியில் போரம் 2003இலும், உப்பு ஏரியில் சிட்டி சென்டர் 2004இலும், தெற்கே சவுத் சிட்டி 2008இலும் திறக்கப்பட்டன. 2013 அக்டோபரில் மாநிலத் தலைமைச் செயலகம் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து ஹௌராவின் நபன்னாவிற்கு மாறியது. அலுவலகம் முடிந்து எஸ்பிளனேட் வழியே நடந்து செல்லும் ஊழியர் கூட்டத்தின் ஒரு பகுதி அதனுடன் அகன்றது.

புதிய வளாகங்கள் பழைய வீதியைக் கொன்றன என்று கூறுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. அவ்வளாகத்தில் தூய்மை, வெளிச்சம், கழிப்பறை, காவல், வாகன நிறுத்தம் ஆகிய அனைத்தையும் ஒரே நிர்வாகம் கவனிக்கிறது. சௌரங்கியில் இவற்றை மாநகராட்சி, காவல்துறை, மின்நிறுவனம், ரயில்வே, கட்டட உரிமையாளர், வாடகைதாரர் எனப் பலர் பகிர்ந்துகொள்கின்றனர். முழுமைக்கும் பொறுப்பாளர் எவருமிலர். வேறுபாடு கட்டடத்தின் புதுமையைவிட நிர்வாகத்தின் ஒருமையிலேயே உள்ளது.

செய்யத்தக்கவை

இதிலிருந்து நான்கு நடவடிக்கைகள் புலனாகின்றன. முதலாவதாக, நகர நடுவத்தை ஒரே அலகாகக் கருதி, மாநகராட்சியின் தலைமையில் கடைக்காரர், நடைபாதை வியாபாரி, கட்டட உரிமையாளர், போக்குவரத்துத் துறை ஆகியோர் இடம்பெறும் நிலையான குழு அமைக்கப்படவேண்டும். இரண்டாவதாக, வீடுகளுக்குரிய வாடகைப் பாதுகாப்பையும் கடைகளுக்குரியதையும் வேறுபடுத்தி, வாணிக வாடகையைப் படிப்படியாக உயர்த்தி, உயர்வின் ஒரு பகுதி கட்டடப் பழுதுபார்ப்புக்கே செல்லுமாறு விதிக்கவேண்டும். ஒரே நாளில் சந்தை வாடகை வந்தால் சிறு கடைகளே முதலில் அழியும். மூன்றாவதாக, பெருந்திட்டங்களின் மதிப்பீட்டில் பணிக்காலத்து வாணிக இழப்பும் செலவாகச் சேர்க்கப்படவேண்டும். நான்காவதாக, மூடிய அரங்கு மாற்றியமைக்கப்படும்போது, அதில் ஒரு சிறு அரங்கேனும் எஞ்சுமாறு அனுமதி விதிகளை வகுக்கலாம்.

மாணவர்களுக்கும் இதில் பணியுண்டு. எஸ்பிளனேட் நிலையத்தில் இறங்குவோரின் எண்ணிக்கையை ரயில்வே அறியும். அவர்களுள் எத்தனை பேர் பொருள் வாங்குகின்றனர், எவ்வளவு செலவிடுகின்றனர், எத்தனை மணிக்குத் திரும்புகின்றனர் என்பவை நேரில் கேட்டறியவேண்டியவை. தம் நகரத்தின் பழைய கடைவீதியில் அத்தகைய ஆய்வை மேற்கொள்வோர், எந்நகரிலும் இதே காரணங்கள் வேறு வேறு அளவில் செயற்படுவதைக் காண்பர். எக்காரணம் எந்த அளவில் என்று அறிந்த பின்னரே, எச்சட்டத்தைத் திருத்துவது, எவ்வீதியில் பணம் இடுவது என்று அலுவலர்கள் முடிவு செய்ய இயலும்.