கல்லும் பலகையும்: தெருவெழுத்தைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தல்



கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளையும் சுவரெழுத்துகளையும் கறுப்பு வெள்ளையில் படமெடுப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். மொழிக்கென நடக்கும் பொழிவு வரிசையில் ஒளிப்படக் கலைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கான விடையை ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள மணற்பாறை ஒன்று நின்றிருந்தது. அதன் முகத்தில் ஐம்பது வரி அளவுக்கு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1843-இல் கட்டுமானப் பணிக்காக அப்பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது என்னவென்று இன்றுவரை எவராலும் ஐயமறச் சொல்ல இயலவில்லை. தகர்ப்பதற்கு முன் சிலர் அவ்வெழுத்துகளைப் பார்த்து வரைந்து வைத்தது உண்மையே. ஆயினும் தேய்ந்த கல்லில் தம் கண்ணுக்குப் புலப்பட்டதைத்தான் அவர்களால் வரைய முடிந்தது.

ஒளிப்படக் கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரைக் காட்டும் ஒளிப்படங்களுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றில் சில, 1844-இல் ழூல் இத்தியே என்னும் பிரெஞ்சுக்காரர் எடுத்தவை. கல் உடைந்தது 1843. இத்தியேயின் படங்கள் 1844. அந்த ஓராண்டை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

தமிழர்க்கு எழுத்தைப் படியெடுக்கும் வழக்கம் புதிதன்று. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து எளிதில் கண்ணுக்குத் தெரியாது. ஓலையின்மேல் கரி தடவித் துடைத்த பின்னரே, கீறலில் தங்கிய கருமை எழுத்தைக் காட்டும். கல்வெட்டு அறிஞர்கள் ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி, மை தட்டி எடுப்பது மைப்படி. அதில் கருந்தாளின்மேல் எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். 1890-இல் முதல் தொகுதி வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசை இத்தகைய படிகளைப் பெரிதும் துணைக்கொண்டு வளர்ந்தது. கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தையும் நான் மைப்படியின் தம்பி என்றே கருதுகிறேன். இரண்டும் நிறத்தை விலக்கிவிட்டு வடிவத்தைக் கையில் தருகின்றன.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையால். 1990களின் தொடக்கத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் தெருவொன்றில், ஒரு மளிகைக் கடையின் மரப்பலகை என்னைக் கவர்ந்தது. பச்சை நிறத் தரையில் சிவப்பு நிறத்தில் கையால் எழுதிய மூன்று வரிகள். எழுதியவர் ஒவ்வொரு சுழியையும் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடித்திருந்தார். கறுப்பு வெள்ளைச் சுருளில் ஒரே ஒரு படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது சாம்பல் நிறப் பலகைதான் தெரிந்தது, எழுத்தைக் காணோம்.

காரணம் பின்னர் விளங்கிற்று. நம் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள். கறுப்பு வெள்ளைச் சுருளோ நிறத்தைப் பதிவதில்லை. ஒளியின் அளவை மட்டுமே பதிகிறது. இரண்டு நிறங்களும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்பினால், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். வில்லையின் முன் சிவப்பு வடிகட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தால் சிவப்பு எழுத்து வெளுத்தும் பச்சைத் தரை இருண்டும் பதிந்திருக்கும். பச்சை வடிகட்டியானால் எழுத்து கறுத்திருக்கும்.

வடிகட்டி வாங்கிக்கொண்டு மீண்டும் போவதற்குள், பள்ளித் தேர்வுப் பணிகளால் இரண்டு மாதங்கள் ஓடிவிட்டன. கடைவாசலில் உள்ளிருந்து விளக்கெரியும் புதிய நெகிழிப் பலகை தொங்கியது. "பழைய பலகை எங்கே அண்ணே?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "உளுத்துப்போன பலகை வாத்தியாரே, குப்பையில போட்டாச்சு. கடைப் பேரு மாறலையே, உங்களுக்கு என்ன நட்டம்?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பல ஆண்டுகள் அதற்கு விடை தேடினேன். விடையைத் தந்தவர் உயர்நிலை இரண்டில் படித்த ஒரு மாணவி.

நான் எடுத்திருந்த வேறொரு படத்தை வகுப்பில் காட்டினேன். ஒரு பூக்கடையின் பலகை அது. அதில் 'மாலை' என்னும் சொல் பழைய வடிவில் இருந்தது. லகரத்தின்முன் யானைத் துதிக்கைபோல் வளைந்து எழும் அந்தப் பழைய 'லை'யை மூத்தவர்கள் அறிவீர்கள். மாணவி 'மா' என்று படித்துவிட்டு நின்றார். "ஐயா, அடுத்தது தமிழெழுத்தா?" என்று கேட்டார்.

பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978-இல் ஆணையாக்கியது. பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் அதனை ஏற்றன. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள் இன்றைய வடிவைப் பெற்றன. கற்பித்தலுக்கும் அச்சுக்கும் அது பெரும் நன்மை. அதனை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்குள் தாத்தாவின் எழுத்து பேத்திக்கு அயலெழுத்தாகிவிட்டது. கடையின் பெயர் மாறவில்லை. அதைத் தாங்கிய எழுத்து மாறிவிட்டது. எப்போது, எந்தக் கையால், எந்த வடிவிலிருந்து எந்த வடிவுக்கு மாறியது என்பதற்குத் தெருவே சான்று. அந்தச் சான்றுதான் கடைக்காரர் கேட்ட நட்டம்.

கறுப்பு வெள்ளையில் பார்த்தால் இவையெல்லாம் தெளிவாகும். வண்ணப் படத்தில் நம் கண் முதலில் மஞ்சளையும் நீலத்தையும் தேடி ஓடுகிறது. நிறம் நீங்கியதும், கோடு எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது, புள்ளி வட்டமா சதுரமா, இடம் போதாமல் கடைசி எழுத்தைக் குறுக்கினாரா என்பன தெரியத் தொடங்கும். அமெரிக்காவில் வாக்கர் எவன்சு 1930களில் சிற்றூர்க் கடைகளின் விளம்பரப் பலகைகளைக் கறுப்பு வெள்ளையில் நேர்முகமாக எடுத்தார். முதுமையில் அவர் பலகைகளையே சேகரிக்கத் தொடங்கினார் என்பது அவற்றை அவர் எவ்வளவு மதித்தார் என்பதைக் காட்டும்.

செய்முறை பற்றிச் சில சொல்கிறேன். பலகைக்கு நேரெதிரே நில்லுங்கள். கருவியை அண்ணாந்து பிடித்தால் எழுத்துகள் மேல்நோக்கிக் குறுகும். தெருவின் மறுபுறத்து ஐந்தடி நடைபாதை, நாம் 'அஞ்சடி' என்று வழங்குவது, நிற்பதற்கு நிழலும் போதிய தொலைவும் தரும். வண்ணம் தீட்டிய பலகைக்கு மேகமூட்டமே நல்லது, பளபளப்பு தெறிக்காது. கடைவீடுகளின் நெற்றியில் சுதையால் எழுப்பிய எழுத்துகளுக்கோ வெயில் வேண்டும். நில நடுக்கோட்டருகே வாழும் நமக்கு இதில் ஒரு பேறு உண்டு. பிற்பகல் ஒரு மணியளவில் உச்சிக்கு வரும் சூரியன் சுவரை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். அப்போது ஒவ்வோர் எழுத்தின் கீழும் ஒரு நிழல் விழும். வடக்கு நோக்கிய சுவருக்கு ஜூன் மாதமும் தெற்கு நோக்கிய சுவருக்கு டிசம்பர் மாதமும் ஏற்றவை.

கைப்பேசியில் எடுப்போர் வண்ணப் படத்தை அழிக்க வேண்டா. அதை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பையும் பச்சையையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துப் பாருங்கள். நான் வடிகட்டியால் செய்யத் தவறியதை நீங்கள் விரலால் செய்யலாம். மேற்பூச்சின் அடியில் மங்கிக் கிடக்கும் பழைய பெயர்கூடச் சில வேளைகளில் வெளிப்படும். தெருப்பெயர், கடை எண், நாள், நிறங்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கடைக்காரரிடம் இசைவு கேளுங்கள். பலகையை எழுதியவர் யார் என்றும் கேளுங்கள். எழுதியவர் பெயர் பலகையில் இருப்பது அரிது.

அந்தச் சாம்பல் நிறப் படத்தை இன்றும் வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் மாணவர்களிடம் அதைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பேன். எவராலும் சொல்ல முடிந்ததில்லை. இப்போது எனக்கும் முதல் வரி மட்டுமே நினைவிருக்கிறது. ஆற்றங்கரைக் கல்லோடு ஒப்பிட அது மிகச் சிறிய இழப்பு. ஆனால் அக்கல்லை என்னால் காத்திருக்க முடியாது; பலகையைக் காத்திருக்க முடியும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்பருவத்தில் ஒரு பாடவேளையைத் தேக்காவிலோ, பிரிக்ஃபீல்ட்ஸிலோ, பினாங்குக் கடைத்தெருவிலோ நடத்துங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு பலகையைப் படமெடுத்து, அதிலுள்ள எழுத்துகளைத் தம் கையால் பார்த்தெழுதட்டும். மாணவர்களே, பலகையைக் கண்ட அன்றே எடுங்கள். எடுத்த படத்தில் எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.